மாஸ்க்கைக் கழற்றி ‘வாங்க’ சொன்னவள்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. இந்த ஒன்றரை மாதத்தில் என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "டீச்சர், அந்த மிசினை மாட்டுனா எப்படி இருக்கும்?" ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி முடிப்பதற்குள் எனக்கு மறுபடி அந்த மிசின் தேவைப்பட்டுவிடும் போலிருந்தது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். இனி வருகிறவர்கள் காபியைக் குடித்துக்கொண்டே இதைப் படித்துக்கொள்ளலாம். சந்தேகம் வந்தால் கேட்கலாம். முப்பத்தொரு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். சந்தேகம் கேட்டால் எனக்குக் கோபம் வராது, கவனிக்காமல் இருந்துவிட்டுக் கேட்டால்தான் வரும்.

எனக்கு மூச்சிழுப்பு பழைய சொந்தம். சின்ன வயதில் பேரையூரில் பருத்திமாரை, அதாவது காய்ந்த பருத்திச் செடியை, எரித்துச் சமைத்த அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து படித்தவள். அந்தப் புகை, அப்புறம் மாத்திரையை ஒழுங்காகப் போடாத என் திமிர், இரண்டும் சேர்ந்து நுரையீரலைக் கெடுத்துவிட்டன என்று பின்னால் டாக்டர் சொன்னார். திமிர் என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை. அது நான் சேர்த்தது.

மார்கழியில் பேரையூருக்கு ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டு வந்தேன். சளி பிடித்தது. மூன்றாம் நாள் மாடிப்படி ஏற முடியவில்லை. நாலாம் நாள் சமையலறைக்கும் வாசலுக்கும் நடுவில் ஒரு தடவை உட்கார வேண்டியிருந்தது. "வாயுவாக இருக்கும்" என்று ஓமத்தைத் தின்றேன். என் வீட்டுக்காரர் சுந்தரம் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த விஷயத்திலும் அவசரப்படாதவர். ஐந்தாம் நாள் காலை அவர் ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டிருந்தார். நான் திட்ட ஆரம்பித்தேன். பாதி வாக்கியத்தில் மூச்சு நின்றுவிட்டது. முப்பத்தாறு வருடத்தில் நான் ஒரு திட்டைப் பாதியில் விட்டது அதுதான் முதல் தடவை. மனிதர் என் முகத்தைப் பார்த்தார், செருப்புகூடப் போடாமல் ஆட்டோ பிடிக்க ஓடினார்.

கே.கே. நகரில் எங்கள் தெருமுனைக் கிளினிக்கில் விரலில் ஒரு கிளிப்பை மாட்டிப் பார்த்தார்கள். பார்த்த நர்ஸ் பேசாமல் உள்ளே போய் டாக்டரைக் கூட்டிவந்தாள். டாக்டர் பேசாமல் ஆம்புலன்சைக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியில் யாராவது பேசாமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் முதல் வேலையாக மணிக்கட்டில், நாடி பார்க்கும் இடத்தில், ஊசியைக் குத்தி ரத்தம் எடுத்தார்கள். சாதாரண ரத்தப் பரிசோதனை மாதிரி இல்லை, சுள்ளென்று தோள்பட்டை வரை வலிக்கும். அந்த ரத்தத்தில் கரியமில வாயு எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள். நாற்பத்தைந்துக்குள் இருக்க வேண்டுமாம். எனக்கு எண்பத்தெட்டு. மார்க் என்றால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

என்னைப் பார்த்துக்கொண்டது அருண் என்ற இளைய டாக்டர். ஒத்தக்கடைக்காரர். கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு, எப்போதும் ஒரு நீள நோட்டை இடுக்கிக்கொண்டு வருவார். கட்டில் பக்கத்தில் குனிந்து நிதானமாக விளக்கினார்.

"டீச்சர், மூச்சு உள்ள போகுது. ஆனா முழுசா வெளிய வர மாட்டேங்குது. விருந்துக்கு வந்தவங்க கெளம்பாம வீட்டுக்குள்ளயே உக்காந்துட்டாங்கன்னு வச்சுக்கங்க. புதுசா வர்றவங்களுக்கு எடம் ஏது? அந்தக் கெட்ட காத்து ரத்தத்துல சேரச் சேர உங்களுக்குத் தூக்கமா வரும். அப்பிடியே மயக்கத்துக்குப் போயிரும்."

"இப்ப என்ன செய்யணும்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"மாஸ்க் வழியா மிசின் காத்தை அழுத்தத்தோட குடுக்கும். வாயில, தொண்டையில எதையும் விட மாட்டோம். இது வேலை செஞ்சிருச்சுன்னா நல்லது. செய்யலைன்னா மயக்க மருந்து குடுத்து, தொண்டை வழியா டியூப் போட்டு, வென்டிலேட்டர்ல விடணும்."

என் கூடப் பிறந்த அண்ணன் ஒருத்தர் இருந்தார். அவருக்கும் இதே இழுப்பு. அவருக்கு அந்த டியூப் போட்டார்கள். பன்னிரண்டு நாள் அதோடு கிடந்தார். அதற்குப் பிறகு அவர் குரலை நான் கேட்கவில்லை. டியூப் போட்டுப் பிழைத்து வந்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். எனக்குத் தெரிந்தது என் அண்ணனை மட்டும்தான். "எதை வேணா மாட்டுங்க, தம்பி. டியூப் மட்டும் வேணாம்" என்றேன். இதைச் சொல்ல எனக்கு நாலு மூச்சு ஆனது.

மாட்டினார்கள். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற மாஸ்க். தலைக்குப் பின்னால் பட்டை. ஓடுகிற பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாயைத் திறந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது முதல் அரை மணி நேரம். நான் மிசினோடு மல்லுக்கட்டினேன். அது தள்ளும்போது நான் வெளியே விட்டேன், அது விடும்போது நான் இழுத்தேன். செல்வி சிஸ்டர்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எதுத்துச் சண்டை போடாதீங்கம்மா. அது தள்ளுறப்ப நீங்க இழுங்க, அது விடுறப்ப நீங்களும் விடுங்க. அது போக்குலயே போங்க" என்றாள். யார் போக்கிலும் போய்ப் பழக்கமில்லாத எனக்கு அது கஷ்டமான பாடம்தான். ஆனால் ஒரு மணி நேரத்தில் பழகிவிட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் பாடம் நடத்திவிடுகிறேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர். இதயக் கோளாறால் அவர் நுரையீரலில் நீர் கோத்திருந்தது. அவருக்கும் மாஸ்க்தான், ஆனால் மிசின் சத்தம் வேறு மாதிரி. அவருடையது சீபேப். இழுத்தாலும் விட்டாலும் ஒரே அழுத்தம். உள்ளே மூடிக்கொண்டிருக்கிற நுரையீரல் அறைகளைத் திறந்தே வைத்திருக்கும். என்னுடையது பைபேப். இழுக்கும்போது அழுத்தம் அதிகம், விடும்போது குறைவு. எனக்கு மூச்சை இழுக்கிற தசைகளே ஓய்ந்து போயிருந்ததால், சேர்ந்து இழுத்துவிட ஒரு ஆள் தேவை, அதற்காக இரண்டு அழுத்தம். ‘அவருக்கு மட்டும் ஏன் சுலபமானதை மாட்டினீர்கள்’ என்று நான் சைகையில் சண்டை போட்டதற்கு டாக்டர் தம்பி சொன்ன பதில் இது. எது உசத்தி என்று என்னிடம் கேட்காதீர்கள். அவரவர் வியாதிக்கு அவரவர் மிசின்.

மறுநாள் காலை ஏழு மணி ரத்தத்தில் அறுபத்தாறு. எண்பத்தெட்டிலிருந்து அறுபத்தாறு! டாக்டர் அருண் சிரித்தார். நான் மாஸ்க்குக்குள் சிரித்தேன். பதினோரு மணிக்குப் பார்வையாளர் நேரம் ஆரம்பித்தது. அங்கேதான் வந்தது வினை.

எங்கள் பக்கத்தில் ஒருவர் வீட்டுக்கு வந்தால் வீட்டுக்காரி ‘வாங்க’ என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். சோறு போடாவிட்டால்கூட மன்னிப்பார்கள். ‘வாங்க’ சொல்லாவிட்டால் மூன்று தலைமுறைக்குப் பேச்சு வரும். ஆண்கள் சொல்கிற ‘வாங்க’ செல்லாது. அது பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்கிற ‘வாங்க’. வீட்டுக்காரி சொல்வதுதான் கணக்கு.

இதில் எனக்கு ஏற்கெனவே சூடுபட்ட அனுபவம் உண்டு. மூன்று வருடத்துக்கு முன்னால் என் மகள் வித்யாவுக்கு எங்கள் வீட்டில் வளைகாப்பு. ஒத்தக்கடையிலிருந்து சம்பந்தியம்மா பாண்டியம்மாள், ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்து வாசலில் இறங்கினார். நான் அந்த நேரம் சமையல்காரரைத் தேடிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். நேருக்கு நேர் பார்த்தேன். பார்த்துவிட்டு, "சாம்பார் வாளியை எங்கய்யா வச்ச?" என்று அவர் தோளுக்கு மேலாகக் கத்திவிட்டு உள்ளே போய்விட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. சாம்பார் வாளியைத் தவிர வேறு எதுவும் அப்போது என் கண்ணில் படவில்லை. பாண்டியம்மாள் வளையலைப் போட்டுவிட்டு, கை நனைக்காமல், வேனில் ஏறிப் போய்விட்டார். "வாங்கன்னு சொல்ல வாயில்லாத வீட்டுல எனக்கென்ன சோறு?" என்று தெருவில் வைத்துச் சொன்னதாகத் தகவல். அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. நானும் அங்கே போகவில்லை. நடுவில் வித்யாதான் இரண்டு பக்கமும் போன் பேசிப் பேசி இளைத்தாள். பிள்ளைக்கு மொட்டை போட்டபோதுகூட நாங்கள் இரண்டு பேரும் கோயிலின் இரண்டு மூலையில் நின்றோம்.

அன்றைக்கு எடுத்த சபதம்: இனி என் கண் முன்னால் எவர் வந்தாலும் என் வாயால் ‘வாங்க’ சொல்லாமல் விடுவதில்லை.

ஆகவே பதினோரு மணிக்குத் திரையை விலக்கிக்கொண்டு முதல் ஆள் வந்ததும், மாஸ்க்கின் கிளிப்பைத் தட்டினேன், பக்கவாட்டில் தூக்கினேன், "வாங்க" என்றேன். மிசின் கத்தியது. அதை எப்படி அடக்குவது என்று சிஸ்டர் செய்வதைப் பார்த்து வைத்திருந்தேன். ஓரத்தில் மணிப் படம் போட்ட பட்டனை அழுத்தினால் இரண்டு நிமிடம் சத்தம் போடாது. அழுத்தினேன். மாட்டிக்கொண்டு, "சாப்டீங்களா?" என்று கேட்க மறுபடி கழற்றினேன். போகும்போது, "போயிட்டு வாங்க." அதற்கு ஒரு தடவை. ஆளுக்கு மூன்று.

பாஸ் ஒரு நேரத்தில் இரண்டு பேருக்குத்தான். ஆனால் பேரையூரிலிருந்து ஒரு வேன் வந்திருந்தது. கீழே நின்ற இருபது பேரும் அந்த இரண்டு பாஸை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டு மேலே வந்தார்கள். முத்தையா அண்ணன், என் பெரியப்பா மகன், வந்து உட்கார்ந்ததும், "என்னத்தா, இம்புட்டுப் பெரிய மிசினு! நம்ம கெணத்து மோட்டாருகூட இம்புட்டு இருக்காதே" என்றார். அதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? கழற்றினேன். பழைய மாணவிகள், பக்கத்து வீட்டார், கூட வேலை பார்த்தவர்கள் வந்தார்கள். சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஆறு வரை மறுபடியும்.

என் வீட்டுக்காரர் ஒரே ஒரு தடவை, "கழட்டாத" என்றார். "நீங்க சும்மா இருங்க" என்று சொல்வதற்காகக் கழற்றினேன்.

சாயங்காலம் ஏழு மணி ரத்தத்தில் எண்பது.

டாக்டர் அருண் நம்பவில்லை. மறுபடி குத்தினார். எண்பத்தொன்று. மறுநாள் காலை ஏழு மணிக்கு அறுபத்தெட்டு. மத்தியானம் ஒரு மணிக்கு எழுபத்தேழு. மனிதர் தலையைப் பிய்த்துக்கொண்டார். முதலில் அழுத்தத்தைக் கூட்டினார். அப்புறம் மிசினை வேறு முறைக்கு மாற்றினார். அதற்குப் பெயர் ஏவேப்ஸ். ஒவ்வொரு மூச்சுக்கும் இவ்வளவு காற்று உள்ளே போக வேண்டும் என்று சொல்லிவிட்டால், மிசினே யோசித்து அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து அந்த அளவைக் கொடுத்துவிடும். புத்திசாலி மிசின்தான். ஆனால் மாட்டியிருந்தால்தானே யோசிக்கும்?

அன்று சாயங்காலம் எழுபத்தொன்பது.

பெரிய டாக்டர் வந்தார். நரைத்த மீசை. என் தலைக்கு மேலே வைத்து இருவரும் வாதம் செய்தார்கள்.

"எதுக்கு ஏவேப்சு? சாதா பைபேப்பே போதும்னு சொன்னேன்ல?"

"சார், ராத்திரி முழுக்க இறங்குது. பகல்ல ஏறுது. பகல்ல அம்மாவுக்கு மாஸ்க் பொருந்தலையோன்னு தோணுது. நாளைக்குப் பகல்ல மட்டும் ஹை ஃப்ளோ வச்சுப் பாக்குறேன் சார்."

"இந்தக் கேசுக்கு அது எடுக்காதுப்பா. சரி, ஒரு நாள் பாரு."

ஹை ஃப்ளோ என்பது மூக்கில் மட்டும் மாட்டுகிற சின்னக் குழாய். வெதுவெதுப்பான ஈரக் காற்றை வேகமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். வாய் முழுக்கச் சுதந்திரம். சாப்பிடலாம், பேசலாம். இருந்த முறைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பார்வையாளர் நேரத்தில் ‘வாங்க’வோடு நிற்காமல், வந்தவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் படிப்பு, வரன், மாமியார் கால்வலி வரை விசாரித்தேன். பேச்சு நடுவில் இரண்டு தடவை தூங்கிவிட்டேனாம். சாயங்காலம் எண்பத்து நாலு.

வெள்ளிக்கிழமை காலை மறுபடி மாஸ்க்கோடு எழுபத்தாறில் கிடந்தேன். டாக்டர் அருண் என் கட்டிலின் கால்மாட்டில் நின்று நீள நோட்டை விரித்தார். ஒவ்வொரு முறைக்கும் ஒரு கட்டம், கீழே ஒரு வரைபடம். எந்த முறை இந்த மாதிரி நோயாளிக்குச் சரி என்று பத்து இருபது பேரை வைத்து ஒப்பிட்டு, டாக்டர்கள் கூட்டத்தில் பேசப்போகிறாராம். அதில் நானும் ஒருத்தி. கணக்கு டீச்சர் கண்ணில் வரைபடம் பட்டால் விடுமா? ஏற்றம், இறக்கம், ஏற்றம், இறக்கம். அடிக்கோட்டில் மணி எழுதியிருந்தது. ஒவ்வொரு ஏற்றமும் பார்வையாளர் நேரத்துக்குப் பிறகு எடுத்த ரத்தம், ஒவ்வொரு இறக்கமும் ஆள் வராத ராத்திரிக்குப் பிறகு எடுத்தது.

மிசினை மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறார்களே தவிர, மாற்றாமலே இருந்த ஒன்று என் வாய்.

சொல்லவா வேண்டாமா என்று யோசித்தேன். வெட்கமாக இருந்தது. படித்தவள், பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள், இவ்வளவு பெரிய முட்டாள்தனத்தை எப்படிச் சொல்வது? பேசாமல் இன்றிலிருந்து கழற்றாமல் இருந்துவிட்டால் போகிறது என்று நினைத்த நேரத்தில் பெரிய டாக்டர் உள்ளே வந்தார்.

"இனி பொறுக்க முடியாது. அம்மா ரொம்ப ஓஞ்சு போயிட்டாங்க. மத்தியானம் டியூப் போட்டுருவோம். சார், இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று என் வீட்டுக்காரரிடம் ஒரு தாளை நீட்டினார்.

என் வீட்டுக்காரர் பேனாவை வாங்கினார். கரண்ட் கம்பத்தில் ஏறி வேலை பார்த்த கை அது. பேனா தாளைத் தொடவே இல்லை. அப்படியே என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பார்த்துவிட்டு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. மாஸ்க் கிளிப்பைத் தட்டினேன்.

"கழட்டாதீங்கம்மா!" என்று மூன்று பேர் ஒரே குரலில் கத்தினார்கள்.

சரியென்று வீட்டுக்காரர் கையிலிருந்த தாளையும் பேனாவையும் பிடுங்கி, பின்பக்கம் திருப்பி, டிரிப் இல்லாத இடது கையால் கோணல் மாணலாக எழுதினேன். ‘மிசின் மேல் தப்பு இல்லை. பார்க்க வருகிறவர்களுக்கு ‘வாங்க’ சொல்ல நான் மாஸ்க்கைக் கழற்றினேன்.’

டாக்டர் அருண் இரண்டு தடவை படித்தார். "எத்தனை பேருக்கு?"

‘எல்லாருக்கும்’ என்று எழுதினேன். ‘ஆளுக்கு மூன்று தடவை. கத்தாமல் இருக்க பட்டனை அழுத்தினேன்.’

அவர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி நோட்டைப் பார்த்தார். "அப்ப நான் மூணு நாளா எழுதுனது எல்லாம்?"

எனக்கு உண்மையிலேயே வருத்தமாகிவிட்டது. அந்தப் பிள்ளை என் கணக்கைக் காட்டி, இந்த முறை ஆகாது, அந்த முறை ஆகாது என்று கூட்டத்தில் பேசியிருக்கும். அதைக் கேட்டு வேறு யாருக்கோ சரியான மிசினைக் கழற்றியிருப்பார்கள். ‘அந்தப் பக்கத்தை அடித்துவிடுங்கள், தம்பி. அது மிசின் கணக்கில் வராது’ என்று எழுதிக் காட்டினேன்.

பெரிய டாக்டர் மீசையைத் தடவிக்கொண்டு என் வீட்டுக்காரரிடம் திரும்பினார். "சார், நீங்க கூடவே தான இருந்தீங்க? உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் சார்."

"சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேன் சார். இவகிட்ட சொன்னேன்" என்றார் பாவம். அவரைப் பொறுத்தவரை என்னிடம் சொல்லிவிட்டால் மேலிடத்துக்குச் சொன்னதாக அர்த்தம்.

பெரிய டாக்டர் தீர்ப்புச் சொன்னார். பழையபடி முதல் நாள் போட்ட பைபேப்பே. அதே அழுத்தம். எதையும் மாற்றக்கூடாது. பார்வையாளர் ஒருவரும் வரக்கூடாது. "சாயங்காலம் ஏழு மணி வரைக்கும் பாக்குறேன். நடுவுல மயக்கம் கூடுச்சுன்னாலோ, ஏழு மணிக்குக் கொறையலைன்னாலோ, டியூப்தான். அப்புறம் என்கிட்ட எதையும் எழுதிக் காட்டக் கூடாது." கையெழுத்துத் தாளை நான் பாழாக்கிவிட்டதால் புதிதாக ஒன்று எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

பதினோரு மணிக்கு யாரும் வரவில்லை. கீழே வாட்ச்மேனிடம் பேரையூர்க்காரர்கள் சண்டை போடுகிற சத்தம் இரண்டு மாடிக்குக் கேட்டது. அசையாமல் கிடந்தேன். நாலரை மணிக்கு என் வீட்டுக்காரர் மருந்து வாங்கக் கீழே போனார். செல்வி சிஸ்டர் அடுத்த கட்டிலுக்குப் போயிருந்தாள்.

திரை விலகியது. பாண்டியம்மாள் நின்றார்.

மூன்று வருடம் கழித்து என் வாசலுக்கு வந்திருக்கிறார். பச்சைச் சேலை, கையில் ஒரு பை. திரையைப் பிடித்துக்கொண்டு அதே இடத்திலேயே நின்றார், வளைகாப்பு அன்று நின்றது மாதிரி. என் இடது கை தானாகக் கிளிப்புக்குப் போய்விட்டது. ஒரே ஒரு வார்த்தை. ஒரு நொடி. அதில் என்ன கெட்டுவிடும்? இவர் திரும்பிப் போய்விட்டால் வித்யாவுக்கு இந்த ஜென்மத்தில் நிம்மதி கிடையாது. ஆனால் ஒரு நொடி என்றுதான் இருபது பேருக்கும் கழற்றினேன். பேனாவோடு என் வீட்டுக்காரர் பார்த்த பார்வை கண்ணுக்கு முன்னால் வந்தது. டியூப்போடு கிடந்த என் அண்ணனும் வந்தார். கையைக் கீழே போட்டேன்.

கும்பிடலாம் என்றால் வலது கையில் டிரிப். ஒற்றைக் கையால் கும்பிட்டால் அது வேறு வம்பு.

"என்ன மதினி, வாங்கன்னு சொல்ல மாட்டீங்களோ?" என்றார் பாண்டியம்மாள்.

இல்லை என்று தலையை ஆட்டினேன். ஆட்டிய பிறகுதான் அது எவ்வளவு பெரிய பதில் என்று உறைத்தது. முடியாது என்று சொல்ல வந்தேன், மாட்டேன் என்று ஆகிவிட்டது. அழுகை வந்துவிட்டது. மாஸ்க்குக்குள் அழுதால் கண்ணீர் ஓரத்தில் இறங்கிக் காற்று ஒழுகும், மிசின் கத்தும். கத்தியது. பட்டனை நான் தொடவில்லை.

பாண்டியம்மாள் பையைத் தரையில் வைத்துவிட்டு வேகமாகக் கிட்டே வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் முந்தானையால் மாஸ்க்கின் ஓரத்தைத் துடைத்துவிட்டார். சத்தம் நின்றது.

"மத்தியானம் வித்யா போன்ல எல்லாம் சொன்னா. வந்த அம்புட்டுப் பேருக்கும் கழட்டிக் கழட்டி வாங்க சொல்லி உசுரை விடப் பாத்தீங்களாம்ல? என்னால தான மதினி? நான் அன்னைக்கு ஒரு வார்த்தைக்காக அப்பிடிக் கெளம்பிப் போயிருக்கக் கூடாது." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "இப்ப மட்டும் எனக்காகக் கழட்டிருந்தீங்க, அப்பிடியே திரும்பிப் போயிருப்பேன். மறு மூணு வருசத்துக்கு இந்தப் பக்கம் தலைவச்சுப் படுத்திருக்க மாட்டேன்."

வாட்ச்மேனை எப்படித் தாண்டினார் என்றும் அவரே சொன்னார். "பார்வையாளருக்கு அனுமதி இல்லன்னான். நான் என்ன பார்வையாளரா? சம்பந்தக்காரிடான்னேன். வாயப் பொத்திக்கிட்டு வழிவிட்டுட்டான்."

அரை மணி நேரம் கழித்து முத்தையா அண்ணன் மருந்துப் பை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வேலையாக வந்தவர் மாதிரி நுழைந்துவிட்டார். என் கை மறுபடி ஏறியது. பழக்கம் விடுமா? பாண்டியம்மாள் அந்தக் கையைப் பிடித்து அமுக்கிக்கொண்டு, வார்டே கேட்க, "வாங்கண்ணே, வாங்க. சாப்டீங்களா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. என் சொந்தக்காரருக்கு, என் கட்டில் பக்கத்தில், இவர் யார் வாங்க சொல்ல? முத்தையா அண்ணனும் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சாப்டேன்த்தா" என்று அவரிடமே சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கிளம்பும்போது, "போயிட்டு வாங்கண்ணே." அதுவும் அவர்தான். அடுத்து என் வீட்டுக்காரர் மருந்தோடு வந்தார். "வாங்கண்ணே" என்றார் பாண்டியம்மாள். சொந்த மனைவியின் கட்டிலுக்கு விருந்தாளியாகிவிட்ட மனிதர், என்ன செய்வதென்று தெரியாமல், "வாரேம்மா" என்று சொல்லிவிட்டு ஓரமாக நின்றார். எனக்கு மாஸ்க்குக்குள் சிரிப்பு வந்துவிட்டது. கோபமெல்லாம் அதோடு போயிற்று.

ஏழு மணிக்கு டாக்டர் அருண் ஊசியோடு வந்தார். அவருக்கும் ஒரு வாங்க. தம்பி எந்த ஊர் என்று கேட்டார் பாண்டியம்மாள், ஒத்தக்கடை என்றதும் எந்தத் தெரு என்றார். டாக்டர் பதில் சொல்லிக்கொண்டே குத்தினார். ரத்தம் போனது. என் வீட்டுக்காரர் அந்தப் புதுத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். பத்து நிமிடத்தை ஒரு பாடவேளை நீளத்துக்கு இழுத்த பிறகு டாக்டர் திரும்பி வந்தார்.

"அறுபத்தொண்ணு, டீச்சர். டியூப் வேணாம்" என்றார். அந்தத் தாளை எடுத்து மடித்துத் தன் பையிலேயே வைத்துக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த நேரம்தான் வித்யா ஆபீசிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்து திரையை விலக்கினாள். தோளில் பை, கையில் ஹெல்மெட். அவள் மாமியார் என் கட்டிலில் ஒட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே வருவதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"வாம்மா, வா. ஏன் அங்கயே நிக்கிற?" என்றார் பாண்டியம்மாள். "உங்கம்மாவுக்கு அறுபத்தொண்ணாம். ஒண்ணும் வேணாம்னுட்டாக."

வித்யா ஹெல்மெட்டைக் கட்டிலடியில் வைத்துவிட்டு, தரையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். எனக்கும் அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் போலத்தான் இருந்தது. பாண்டியம்மாள் என் இடது கையை விடவில்லை.